ட்ரைஃபோல்டா, இசட்டா, கேட்டா? பிரோஷரை எப்படி மடிப்பது

பிரோஷர் அடிக்கப் போகிறவர்கள் படம், நிறம், எழுத்துரு எல்லாவற்றையும் முடிவு செய்துவிட்டுக் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி இது: எப்படி மடிக்கலாம்? அச்சகத்தில் நான்கைந்து மாதிரிகளை எடுத்துப் போடுவார்கள். எல்லாமே நன்றாகத்தான் இருக்கும். "சரி, எல்லாரும் போடுவதையே போட்டுவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது.

இந்த வரிசையே தலைகீழ். மடிப்பை முடிவு செய்த பிறகுதான் டிசைன் தொடங்க வேண்டும். வாசகர் எதை முதலில் பார்ப்பார், எதை எதோடு சேர்த்துப் பார்ப்பார், எதைப் பார்க்காமலே மூடிவிடுவார் என்பதை மடிப்புதான் தீர்மானிக்கிறது. அழகு அதற்கு அப்புறம்.

## எதை வைத்து எடை போடுவது

முதல் அளவுகோல் படிக்கும் வரிசை. உங்கள் விஷயம் ஒன்றன்பின் ஒன்றாக நகர்வதா? ஒரே பார்வையில் விரிய வேண்டியதா? துண்டு துண்டாக, எங்கிருந்து படித்தாலும் புரிவதா? விண்ணப்பிக்கும் வழிமுறை முதல் வகை. வரைபடம், கால அட்டவணை எல்லாம் இரண்டாவது வகை. கிளினிக்கின் சிகிச்சைப் பட்டியல் மூன்றாவது.

இரண்டாவது, பேனலின் அகலம். (மடிப்புக் கோடுகள் தாளைப் பிரிக்கும் ஒவ்வொரு பகுதியும் ஒரு பேனல்.) தமிழில் அச்சிடுகிறவர்கள் இதை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் சொற்கள் நீளம். "விண்ணப்பிக்கவேண்டியவர்கள்" போல ஒன்று வந்தால் குறுகிய பேனலில் முக்கால் வரியை அதுவே பிடித்துக்கொள்ளும். ஆங்கிலத்துக்குச் செய்த டெம்ப்ளேட்டை எடுத்து அதில் தமிழைக் கொட்டினால், ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொற்கள், நடுவில் ஓட்டை ஓட்டையாக இடைவெளி என்று ஆகிவிடும்.

மூன்றாவது, காகிதம்: அதன் கனம், இழை ஓடும் திசை. நான்காவது, மடிக்கப் போவது மெஷினா கையா. ஐம்பது பிரதி என்றால் எதையும் கையால் மடித்துவிடலாம். ஐயாயிரம் என்றால் மெஷினில் ஏறாத மடிப்பு உங்கள் நாட்களைத் தின்றுவிடும். ஐந்தாவது, அது போய்ச் சேரும் வழி: தபால் உறையா, மேசை மேல் ஸ்டாண்டா, கைக்குக் கையா.

இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம். எல்லாவற்றுக்கும் ஏ4 தாளையே அடிப்படையாக வைத்துக்கொள்கிறேன்: 210 × 297 மில்லிமீட்டர்.

## அரை மடிப்பு

நடுவில் ஒரே மடிப்பு, நான்கு பக்கங்கள். ஏ4 தாள் ஏ5 ஆகிறது. ஏ வரிசைத் தாள்களில் எதைப் பாதியாக மடித்தாலும் நீள அகல விகிதம் மாறாது. அதனால் ஏ4 போஸ்டராகச் செய்த டிசைனை அப்படியே சுருக்கி முகப்பில் வைக்கலாம், எதுவும் நசுங்காது.

இதைப் "போரடிக்கும் மடிப்பு" என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. தமிழில் நிறைய உரை இருக்கிறதென்றால் இதைவிடச் சௌகரியமானது எதுவும் இல்லை என்பேன். 148 மில்லிமீட்டர் அகலத்தில் வரிகள் மூச்சு விடும். விஷயம் கூடிக்கொண்டே போனால் இன்னொரு தாளை உள்ளே வைத்து நடுவில் பின் அடித்துவிடலாம், எட்டுப் பக்கச் சிறு புத்தகம் தயார்.

மறைந்திருக்கும் தொல்லை இரண்டு. 110 × 220 அளவுள்ள நீள உறையான டிஎல்லில் இது நுழையாது. 162 × 229 அளவுள்ள சி5 உறை வேண்டும். பிரோஷர் ஸ்டாண்டுகளில் பல அந்த ஒல்லியான நீள வடிவத்துக்குச் செய்தவை, ஏ5 அவற்றில் நிற்காது. வாங்கி வைத்த ஸ்டாண்டை அளந்து பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

## ட்ரைஃபோல்டா, இசட்டா: உண்மையான போட்டி இங்கேதான்

இரண்டிலும் இரண்டு மடிப்பு, மூன்று பேனல், முன்னும் பின்னுமாக ஆறு முகங்கள். மூடி வைத்தால் வெளித்தோற்றத்தில் பெரிய வித்தியாசமும் தெரியாது. ஆனால் திறக்கும்போது இரண்டும் வேறு வேறு.

ட்ரைஃபோல்டில் ஒரு பேனல் உள்ளே மடிந்து போகும். அதை உள்மடி என்று வைத்துக்கொள்வோம். வெளிப்பக்கத்தைத் தட்டையாக விரித்தால் இடமிருந்து வலமாக உள்மடி, பின்முகம், முகப்பு என்று வரும். வாசகர் முகப்பைத் திறந்ததும் அவர் கண்ணில் படுவது என்ன? இடதுபுறம் உள்பக்கத்தின் முதல் பேனல். வலதுபுறம் உள்மடியின் வெளிமுகம். தாளின் இரண்டு வெவ்வேறு பக்கங்களில் அச்சான இரண்டு பேனல்கள் அங்கே ஜோடியாக நிற்கின்றன! கணினித் திரையில் இவை இரண்டும் தனித்தனிப் பக்கத்தில் கிடப்பதால் டிசைன் செய்யும்போது இந்த ஜோடி யார் கண்ணிலும் படுவதில்லை. இடதுபுறம் சிவப்புப் பின்னணி, வலதுபுறம் ஊதா என்று மோதிக்கொள்ளும் பிரோஷர்கள் பிறப்பது இப்படித்தான். முகப்புக்கு அடுத்து அதிகம் பார்க்கப்படும் இடம் அந்த உள்மடிதான். அங்கே போய் முகவரியையும் கூகுள் மேப்பையும் போட்டு வீணாக்காதீர்கள்; அதற்குப் பின்முகம் இருக்கிறது.

அடுத்தது அளவு. 297-ஐ மூன்றால் வகுத்து 99, 99, 99 என்று கோடு போட்டால் தவறு. உள்ளே போகும் பேனல் மற்றவற்றைவிட இரண்டு மூன்று மில்லிமீட்டர் சிறியதாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது எதிர் மடிப்பில் போய் முட்டி, ஓரம் சுருண்டு, பிரோஷர் உப்பிக்கொண்டு நிற்கும். 100, 100, 97 என்பது வழக்கமான கணக்கு. இதில் இன்னொரு கண்ணியும் உண்டு: வெளிப்பக்கத்தில் 97 இடது ஓரத்தில் வரும், உள்பக்கத்தில் வலது ஓரத்தில் வரும். இரண்டு பக்கத்துக்கும் ஒரே வழிகாட்டிக் கோடுகளை நகலெடுத்து ஒட்டினால் ஒரு பக்கம் நிச்சயம் பிசகும்.

இசட்டில் தாள் Z எழுத்தைப் போல முன்னும் பின்னுமாக மடியும். இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. எந்தப் பேனலும் இன்னொன்றுக்குள் நுழைவதில்லை. மூன்றுமே 99. உள்பக்கம் ஒரே இழுப்பில் விரிந்துவிடும். மூன்று பேனல் அகலத்துக்கு ஒரு படத்தை ஓட விட வேண்டுமா? இசட்தான். உள்மடியை விலக்கினால்தான் முழுசாகத் தெரியும் என்ற தடங்கல் இதில் இல்லை.

செலவைப் பார்க்கிறவர்களுக்கு ஒரு விஷயம். ட்ரைஃபோல்டில் முகப்பு, பின்முகம் இரண்டும் தாளின் ஒரே பக்கத்தில் வருகின்றன. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தால் முழுதாக விரித்தவருக்கு மூன்று வெற்றுப் பேனல்கள்தான் தெரியும். இசட்டில் முகப்பு ஒரு பக்கம், பின்முகம் மறுபக்கம். ஒரு பக்கம் மட்டும் அச்சடித்தாலும் முகப்பும், அதைத் தொடர்ந்து விரியும் மற்ற இரண்டு பேனல்களும் அச்சோடு இருக்கும். பின்புறம் மட்டும் வெறுமையாக இருக்கும். ஜன்னல் வைத்த உறையில் போகும் கடிதங்களை இசட்டில் மடிப்பது இதனால்தான்: மேல் பகுதியில் உள்ள முகவரி வெளியே பார்த்தபடி நிற்கும்.

அப்படியானால் இசட்டே மேல் என்று முடித்துவிடலாமா? முடியாது. இசட்டை மூடி வைத்தால் இரண்டு ஓரத்திலும் ஒரு தாள் விடுபட்டு நிற்கும். உறைக்குள் மெஷின் வைத்துச் செருகும்போது அந்த விளிம்பு சிக்கிக்கொள்ள வாய்ப்புண்டு. ட்ரைஃபோல்டில் ஒரு ஓரம் முழுக்க மூடியிருப்பதால் வழுக்கிக்கொண்டு உள்ளே போகும். ஸ்டாண்டில் நெருக்கி அடுக்கும்போதும் இசட் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒன்றை உருவினால் கூடவே இன்னொன்று வரும். எந்தப் பக்கம் முன்பக்கம் என்று வாசகர் குழம்புவதும் இசட்டில்தான் அதிகம். இரண்டு வெளிமுகமும் ஒரே தகுதியோடு நிற்பதால் முகப்பை முகப்பென்று உரக்கச் சொல்லும் டிசைன் தேவைப்படுகிறது. மாறாக, இரண்டு மொழியில் பிரோஷர் போடுகிறவர்களுக்கு இந்தக் குறையே வரம்: ஒரு பக்கம் முழுக்கத் தமிழ், மறுபக்கம் முழுக்க ஆங்கிலம், இரண்டுக்கும் சொந்தமாக ஒரு முகப்பு.

என் ஓட்டு இப்படி: தபாலில் அல்லது ஸ்டாண்டில் போகிறது, விஷயத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும் என்றால் ட்ரைஃபோல்டு. அகலமான படம், இரு மொழி, ஒரு பக்க அச்சு என்றால் இசட்.

## நான்கு பேனல் வேண்டுமென்றால்

இங்கே மூன்று வழி. தாளை ஏ4-லேயே வைத்துக்கொண்டு நான்காகப் பிரித்தால் பேனல் சுமார் 74 மில்லிமீட்டர்தான் வரும். இரண்டு பக்கமும் ஓரம் விட்டால் எழுத்துக்கு அறுபது சொச்சம் மிஞ்சும். தமிழுக்கு இது நெருக்கடி. 396 × 210 தாளில் நான்கு 99 பேனல் எடுப்பது நல்லது; தாள் பெரிதாவதால் செலவும் கூடும் என்பதை முன்பே கணக்கில் வையுங்கள். ஏ4-ஐ விட முடியாது என்றால், வரிகளை இரண்டு ஓரத்துக்கும் சமன் செய்யாமல் இடதுபக்கம் மட்டும் ஒழுங்குபடுத்தி விடுங்கள்.

ரோல் ஃபோல்டு என்பது பாயைச் சுருட்டுகிற மாதிரி உள்ளுக்குள் உள்ளாக மடிந்துகொண்டே போவது. படிப்படியாக நகரும் விஷயத்துக்கு ஏற்றது. ஆனால் உள்ளே போகப் போக ஒவ்வொரு பேனலும் சிறுத்துக்கொண்டே வர வேண்டும். மெஷினில் முதல் மடிப்பு லேசாக நகர்ந்தால் அந்தப் பிசகு கடைசிவரை கூடிக்கொண்டு போகும். பொறுமையில்லாத வாசகர் இரண்டாவது திறப்போடு நிறுத்திவிடுவார் என்பதும் உண்டு. முக்கியமானதைக் கடைசிப் பேனலில் ஒளித்து வைக்காதீர்கள்.

விசிறி மடிப்பு, அதாவது அக்கார்டியன், இசட்டின் நீட்டல். எல்லாப் பேனலும் சமம். வரலாற்றுக் காலக்கோடு, பயிற்சிப் படிகள் போன்றவற்றுக்கு இதைத் தாண்டி ஒன்று தேட வேண்டாம். மேசையில் தானாக நிற்கும். இசட்டுக்குச் சொன்ன குறைகள் எல்லாம் இதற்கும் பொருந்தும், கொஞ்சம் அதிகமாகவே. மூன்று மடிப்பு என்பதால் மடிப்புக்கு ஒன்றாக இரண்டு தட்டு மட்டுமே உள்ள சின்ன மடிப்பு மெஷினில் ஒரே ஓட்டத்தில் முடியாது. இதே தடை ரோலுக்கும் உண்டு.

மூன்றாவதுதான் பலர் யோசித்தே பார்க்காதது: பேரலல் ஃபோல்டு. பாதியாக மடித்து, அதே திசையில் மறுபடி பாதியாக மடிப்பது. திறக்கும் விதத்தைப் பாருங்கள். முகப்பைத் திறந்தால் இரண்டு பேனல் விரிப்பு. அதையும் திறந்தால் நான்கு பேனல் முழு விரிப்பு. தாளின் ஒரு பக்கத்தில் முகப்பு, பின்முகம், சின்ன விரிப்பு. மறுபக்கம் முழுக்கப் பெரிய விரிப்பு. அகலமான அட்டவணை இருக்கிற பிரோஷருக்கு இதைவிடத் தெளிவான அமைப்பு கிடையாது. வாசகர் தொலைந்து போகவே வழியில்லை. ஒரு ஓரம் முழுக்க மூடியிருப்பதால் உறைக்கும் ஸ்டாண்டுக்கும் தொல்லை தராது. நான்கு பேனலில் எனக்குப் பிடித்தது இதுதான்.

## கேட் ஃபோல்டு

இரண்டு ஓரத்திலிருந்தும் இரண்டு கதவுகள் வந்து நடுவில் சந்திக்கும். திறக்கும் அந்த நொடிக்காகவே இருக்கிற மடிப்பு. அழைப்பிதழ், புதுப் பொருள் அறிமுகம் என்று "என்ன இருக்கு உள்ளே?" என்று கேட்க வைக்கிற இடத்தில் இது ஜெயிக்கும்.

மற்ற இடங்களில் வேண்டாம் என்பேன். கதவு இரண்டும் நடுவில் இடிக்காமலிருக்க இரண்டு மூன்று மில்லிமீட்டர் இடைவெளி விட வேண்டும்; முகப்பில் ஒரு முகத்தையோ லோகோவையோ நடுவில் வைத்தால் அது இரண்டாகப் பிளந்து நிற்கும், அரை மில்லிமீட்டர் பிசகினாலும் கண்ணுக்குத் தெரியும். எல்லா மடிப்பு மெஷினிலும் இது வராது. தனி இணைப்பு வேண்டும், அல்லது கையால் மடிக்க வேண்டும். கதவுகள் தானாகத் திறந்துகொள்ளும் என்பதால் ஸ்டிக்கரோ ரிப்பனோ பட்டையோ சேர்க்க வேண்டிவரும். விலை கேட்கும்போது அதையும் சேர்த்துக் கேளுங்கள். நடுவில் இன்னொரு முறை மடித்து நான்கு பேனலாக மூடும் வகையும் உண்டு. அதில் கதவுகளை இன்னும் குறைக்க வேண்டும்.

## கிராஸ் ஃபோல்டு

ஒரு தடவை பாதி, அப்புறம் குறுக்கே மறுபாதி. ஏ4 தாள் 105 × 148 அளவில் ஏ6 ஆகிவிடும். 114 × 162 அளவுள்ள சி6 உறையில் உட்காரும். வெளியே சட்டைப்பை அளவு, உள்ளே முழு ஏ4 போஸ்டர். வரைபடத்துக்கும், சுவரில் ஒட்டி வைக்க வேண்டிய தகவலுக்கும் இதுவே சரி. ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து வாழ்த்து அட்டையாக மடிக்கலாம் என்பது இதன் இன்னொரு வசதி. அப்போது உள்ளே வரும் இரண்டு முகங்களையும் தாளில் தலைகீழாக வைக்க வேண்டும்.

மடிப்புகள் செங்குத்தாகச் சந்திப்பதால் ஒன்று எப்படியும் காகித இழைக்குக் குறுக்கேதான் போகும். சந்திக்கும் மூலையில் காகிதம் திரண்டு சுருக்கம் விழும். அடிக்கடி விரித்து மடித்தால் முதலில் ஓட்டை விழுவதும் அங்கேதான். அதனால் 130 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் காகிதத்தின் எடை, கிராமில்) மேல் போகாமலிருப்பது நல்லது. பெரிய வரைபடங்களை விசிறியாக மடித்துக் குறுக்கே மறுபடி மடிப்பார்கள். விரித்தவர்களில் பாதிப் பேருக்கு மறுபடி அதை மடிக்கத் தெரியாது என்பது ஊரறிந்த விஷயம். இந்தத் தலைவலிக்கு விடை தருவது ஜப்பானிய விண்வெளி ஆய்வாளர் கோர்யோ மியுரா வகுத்த மடிப்பு. செங்குத்துக் கோடுகளுக்குப் பதில் லேசாகச் சாய்ந்த கோடுகள். எதிரெதிர் மூலையைப் பிடித்து இழுத்தால் முழுத் தாளும் ஒரே அசைவில் விரியும், தள்ளினால் மூடும். 1995-இல் விண்ணுக்குப் போன ஜப்பானியச் செயற்கைக்கோள் ஒன்றில் சூரியத் தகடுகளை விரிக்க இதைப் பயன்படுத்தினார்கள். பிரோஷருக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம். அச்சகத்திடம் கேட்டால் முறைத்துப் பார்ப்பார்கள்.

## ஏ4 தாளுக்கான அளவுகள்

| மடிப்பு | பேனல் அகலம் (மி.மீ.) | உறை | தமிழ் உரைக்கு |
|---|---|---|---|
| அரை | 148.5 + 148.5 | சி5 | தாராளம் |
| ட்ரைஃபோல்டு | 100 + 100 + 97 | டிஎல் | போதும் |
| இசட் | 99 + 99 + 99 | டிஎல் | போதும் |
| ரோல், நான்கு | 75 + 75 + 74 + 73 | டிஎல் | நெருக்கம் |
| பேரலல் | 75 + 75 + 73.5 + 73.5 | டிஎல் | தனிப் பேனலில் நெருக்கம், விரிப்பில் தாராளம் |
| கேட் | 73.5 + 150 + 73.5 | சி5 | நடுவில் தாராளம், கதவில் நெருக்கம் |
| கிராஸ் | 148.5 + 148.5, குறுக்கே 105 + 105 | சி6 | விரித்தால் தாராளம் |

இவை தொடங்குவதற்கான எண்கள். காகிதம் தடித்தால் உள்ளே போகும் பேனலை இன்னும் அரை, ஒரு மில்லிமீட்டர் குறைக்க வேண்டிவரும்.

## எந்த மடிப்புக்கும் பொதுவான செலவுகள்

காகிதத்தில் இழை ஒரு திசையில்தான் ஓடும். இழை ஓடும் போக்கிலேயே மடித்தால் கோடு நேராக விழும். குறுக்கே மடித்தால் விளிம்பு பிசிறும், மேல்பூச்சு வெடிக்கும். தாளை இரண்டு வாக்கிலும் லேசாக வளைத்துப் பாருங்கள், வளைவுக் கோடு எந்த வாக்கில் விழும்போது தாள் எளிதாக வளைகிறதோ அதுதான் இழையின் போக்கு. கடையில் கிடைக்கும் ஏ4 தாள்களில் இழை பெரும்பாலும் நீளவாக்கில் போகும். ட்ரைஃபோல்டும் இசட்டும் அதற்குக் குறுக்கே விழுகிற மடிப்புகள். டிஜிட்டலில் கொஞ்சம் பிரதிகள் மட்டும் எடுக்கிறவர்களுக்கு மடிப்பில் வெள்ளைக் கோடு தெரிவதற்கு இது ஒரு காரணம். டோனர் (பொடி மை) காகிதத்துக்குள் ஊறாமல் மேலேயே படிந்து நிற்பது இன்னொரு காரணம். அடர்நிறப் பின்னணி மடிப்பைக் கடந்து போகிறதென்றால் வெடிப்பு பளிச்சென்று தெரியும். வெளிர் நிறம் அதை மறைத்துவிடும்.

170 ஜிஎஸ்எம்மோ அதற்கு மேலோ போனாலும் சரி, லேமினேஷன் செய்திருந்தாலும் சரி, மடிப்பதற்கு முன் கிரீசிங் போட வேண்டும், அதாவது மடிப்பு விழும் இடத்தில் அழுத்திக் கோடு போட வேண்டும். இது தனி வேலை, தனிக் கட்டணம். விலைப்பட்டியலில் இருக்கிறதா என்று முதலிலேயே கேளுங்கள். கிரீசிங் போட்டதும் ஒரு பக்கம் பள்ளமாகவும் மறுபக்கம் மேடாகவும் இருக்கும். மேடு மடிப்பின் உள்பக்கம் வரும்படி மடிக்க வேண்டும். பலர் பள்ளம் உள்ளே என்று நினைத்து மாற்றி மடிக்கிறார்கள். கனமான காகிதம் என்றால் மதிப்பு என்று நினைத்து நான்கு பேனல் ரோலுக்கு 200 ஜிஎஸ்எம் கேட்பதும் வேண்டாம். மூடவே மூடாது. 100 முதல் 130 போதும்.

மெஷின் மடிப்பில் ஒரு மில்லிமீட்டர் அங்கே இங்கே நகர்வது சகஜம். ஆகவே நிறம் மாறும் எல்லையைச் சரியாக மடிப்புக் கோட்டின் மேல் வைக்காதீர்கள். பக்கத்துப் பேனலின் நிறம் நூல் போல எட்டிப் பார்க்கும். எழுத்தைக் கோட்டிலிருந்து ஐந்து மில்லிமீட்டராவது தள்ளி வையுங்கள்.

## இன்னும் குழப்பமாக இருந்தால்

உரை அதிகம், படம் குறைவு: அரை மடிப்பு. எங்கே எப்படிப் போகும் என்றே தெரியாத பொதுவான பிரோஷர்: ட்ரைஃபோல்டு. அகலமான அட்டவணை: பேரலல். இரு மொழி: இசட். வரைபடம்: கிராஸ். வரிசையாக நகரும் படங்கள்: விசிறி. கேட், கையில் நேரமும் பணமும் இருந்து, பிரதிகளும் குறைவாக இருந்தால் மட்டும்.

இரண்டுக்கு நடுவில் ஊசலாடினால் ஒரு வெற்றுத் தாளை எடுத்து இரண்டு விதமாகவும் மடித்து, ஒவ்வொரு முகத்திலும் என்ன வரப்போகிறது என்று பேனாவால் கிறுக்கி, விஷயம் தெரியாத ஒருவர் கையில் கொடுங்கள். அவர் எந்த வரிசையில் திறக்கிறார் என்று மட்டும் பாருங்கள், எதுவும் சொல்லிக்கொடுக்காதீர்கள். தேறியதை அப்படியே அச்சகத்துக்கும் அனுப்பிவிடுங்கள். "மூன்று மடிப்பு" என்று வாயால் சொன்னால் ஒருவர் மூன்று பேனல் என்று எடுத்துக்கொள்வார், இன்னொருவர் மூன்று கோடு என்று எடுத்துக்கொள்வார். மடித்த தாள் கையில் இருந்தால் அந்தப் பேச்சுக்கே இடமில்லை. அதன் மேல் பேனல் அளவையும், எந்த ஓரம் சிறியது என்பதையும் எழுதிவிடுங்கள்.